கூட்டுக் கடையின் சொத்து எது, கூட்டாளியின் சொத்து எது?

பாலவனத்தம் தொடங்கி அருப்புக்கோட்டை, திருச்சுழி வரை நமது வட்டாரம் மானாவாரி பூமி. மல்லி, வத்தல், பருத்தி, உளுந்து, பாசிப்பயறு, கம்பு, நிலக்கடலை என்று மழையை நம்பி விளைவதை வாங்கிக் கட்டி வைத்து விற்பதே நம்மில் பலருடைய தொழில். விளைச்சல் வரும் ஒன்றிரண்டு மாதத்தில் கையில் பெரிய தொகை வேண்டும். தனி ஒருவருடைய முதலால் அது முடியாது. ஆகவே நம்மிடையே கூட்டு வியாபாரம் தொன்றுதொட்டு இருந்து வருகிறது. ஒருவர் பணம் போடுவார், ஒருவர் இடம் கொடுப்பார், ஒருவர் உழைப்பையும் தொழில் அனுபவத்தையும் கொண்டு வருவார். லாபத்தில் யாருக்கு எத்தனை பங்கு என்று முதல் நாளே பேசி முடித்து விடுகிறோம். ஆனால், "இந்தக் குடோன் கூட்டுக்குச் சொந்தமா, கொடுத்தவருக்கே சொந்தமா?" என்ற கேள்வியை மட்டும் யாரும் அன்றைக்குக் கேட்பதில்லை. நல்ல நேரத்தில் அதைக் கேட்பது அபசகுனம் போல நினைக்கிறோம்.

இந்தக் கேள்வி மூன்று சமயங்களில் தானாகவே எழுந்து வரும். கூட்டாளிகள் பிரியும்போது வரும். ஒருவர் காலமாகி அவருடைய பிள்ளைகள் கணக்குக் கேட்கும்போது வரும். ஒருவர் சொந்தக் கடனில் மாட்டி, கடன் கொடுத்தவர் கோர்ட் அமீனாவோடு கடை வாசலில் வந்து நிற்கும்போது வரும். லாபக் கணக்கில் வரும் தகராறு சங்கத்தில் உட்கார்ந்து பேசினால் ஒரு பகலில் தீர்ந்து விடுகிறது. இடம் யாருடையது என்ற தகராறு அப்படித் தீருவதில்லை. பிள்ளைகள் காலம் வரை போகிறது. எனவே சட்டம் இதை எப்படிப் பார்க்கிறது என்று ஒவ்வொரு வியாபாரியும் தெரிந்து வைத்திருப்பது நல்லது.

சட்டம் சொல்வது என்ன?

நாம் பார்ட்னர்ஷிப் என்று சொல்வதைச் சட்டத் தமிழில் கூட்டாண்மை என்பார்கள். இதற்கென்று உள்ளது 1932-ஆம் ஆண்டின் இந்தியக் கூட்டாண்மைச் சட்டம். அந்த ஆண்டு அக்டோபர் 1-ஆம் தேதி அமலுக்கு வந்து இன்றளவும் நடைமுறையில் இருக்கிறது. அதில் 14-ஆவது பிரிவுதான் நம்முடைய கேள்விக்கு விடை சொல்லும் பிரிவு.

அந்தப் பிரிவின் ஆரம்பமே, "கூட்டாளிகளுக்குள் உள்ள ஒப்பந்தத்துக்கு உட்பட்டு" என்ற பொருளில் அமைந்திருக்கிறது. அதாவது, கூட்டாளிகள் தங்களுக்குள் என்ன பேசி முடிவு செய்தார்களோ அதுதான் முதல் சட்டம். அப்படி ஒன்றும் பேசவில்லை என்றால் மட்டுமே பின்வரும் விதிகள் வேலை செய்யும்.

முதலாவது, கூட்டு தொடங்கும்போது ஒரு கூட்டாளி தன் சொத்தைக் கூட்டின் முதலாகக் கொண்டு வந்து சேர்த்திருந்தால் அது கூட்டின் சொத்து. இரண்டாவது, கூட்டுக்காகவோ, கூட்டின் தொழில் நடத்தையில் அந்தத் தொழிலின் தேவைக்காகவோ வாங்கிய சொத்து கூட்டின் சொத்து. மூன்றாவது, தொழிலின் நற்பெயர், அதாவது நாம் குட்வில் என்று சொல்வது, அதுவும் கூட்டின் சொத்து. இவற்றோடு ஒரு முக்கியமான வாசகம் உண்டு. கூட்டின் பணத்தைக் கொடுத்து வாங்கிய சொத்து, வேறு எண்ணம் இருந்ததாகத் தெரியாத வரையில், கூட்டுக்காகவே வாங்கியதாகக் கருதப்படும்.

அடுத்த 15-ஆவது பிரிவு, கூட்டின் சொத்தைக் கூட்டின் தொழிலுக்கு மட்டுமே வைத்திருக்கவும் பயன்படுத்தவும் வேண்டும் என்கிறது. 16-ஆவது பிரிவு, கூட்டின் சொத்தையோ பெயரையோ வியாபாரத் தொடர்பையோ பயன்படுத்தி ஒருவர் தனியாகச் சம்பாதித்தால் அந்த லாபத்தைக் கூட்டுக்குக் கணக்குக் காட்டிக் கொடுக்க வேண்டும் என்கிறது. கூட்டு லாரியில் சொந்தச் சரக்கை ஏற்றி வாடகை எழுதாமல் விடுவதும் இதில் அடங்கும்.

பயன்படுத்துவதால் மட்டும் கூட்டுச் சொத்து ஆகிவிடாது

நம்மவர்களிடம் உள்ள முதல் தவறான எண்ணம், "பத்து வருஷமாகக் கூட்டுக் கடை அந்த இடத்தில்தான் நடக்கிறது, ஆகவே இடமும் கூட்டுக்குத்தான்" என்பது. சட்டம் அப்படிச் சொல்லவில்லை. அர்ஜுன் கனோஜி தங்கர் என்பவருக்கும் சாந்தாராம் கனோஜி தங்கர் என்பவருக்கும் நடந்த வழக்கில் 1969-ல் உச்ச நீதிமன்றம் இதைத் தெளிவாக்கியது. ஒருவர் கூட்டில் சேர்ந்தார் என்பதாலும், அவருடைய சொத்து கூட்டின் தொழிலுக்குப் பயன்பட்டது என்பதாலும் மட்டுமே அது கூட்டின் சொத்தாகி விடாது. அதைக் கூட்டின் சொத்தாக வைத்துக்கொள்வோம் என்ற உடன்பாடு, வாய்விட்டுச் சொன்னதாகவோ நடத்தையில் தெரிவதாகவோ இருக்க வேண்டும் என்பது அந்தத் தீர்ப்பின் சாரம்.

இதே போன்ற கேள்வி இங்கிலாந்தில் 1953-ல் மைல்ஸ் - கிளார்க் வழக்கில் வந்தது. ஒருவர் வாடகைக்கு எடுத்த போட்டோ ஸ்டூடியோவும் சாதனங்களும் வைத்திருந்தார். பெயர் பெற்ற போட்டோகிராபர் ஒருவர் அவருடன் சேர்ந்தார். லாபத்தைச் சமமாகப் பிரித்துக்கொண்டார்கள். மற்றதை எழுதி முடிக்கவில்லை. சண்டை வந்தபோது நீதிமன்றம், தொழிலில் செலவாகித் தீரும் சரக்கு மட்டுமே கூட்டின் சொத்து என்றது. கட்டடத்தின் குத்தகை உரிமை, சாதனங்கள், அவரவர் கொண்டு வந்த வாடிக்கை எல்லாம் அவரவருக்கே என்று முடிவாயிற்று. எழுதாமல் விட்ட இடத்தில், தொழில் நடக்க எது இல்லாமல் முடியாதோ அதை மட்டுமே கூட்டுக்கு என்று அந்த நீதிமன்றம் எடுத்துக்கொண்டது. நம் பலசரக்குக் கடைக்கு இதைப் பொருத்திப் பார்த்தால் மூட்டையில் இருக்கும் சரக்கு கூட்டுக்கு; தராசும் அலமாரியும் இடமும் யார் கொண்டு வந்தாரோ அவருக்கு என்று போகும்.

கூட்டாளி ஒருவருடைய காலி மனையில் கூட்டுப் பணத்தில் குடோன் கட்டுவது நம் பக்கம் சாதாரணம். கட்டிய காரணத்தினாலேயே மனை கூட்டுக்குப் போய்விடாது. கட்டிய செலவை எந்தக் கணக்கில் எழுதினார்கள், அதற்கு யார் தேய்மானம் காட்டினார்கள், வீட்டு வரி யார் கட்டினார்கள், மனைக்கு வாடகை எழுதினார்களா என்பவையெல்லாம் சாட்சியாக வந்து நிற்கும். ஆகவே பேரேட்டில் எழுதும் ஒவ்வொரு வரியும் பின்னாளில் சாட்சி சொல்லும் என்பதைக் கணக்குப்பிள்ளைக்கும் சொல்லி வைக்க வேண்டும்.

பத்திரத்தில் யார் பெயர் என்பதும் முடிவான விடை அல்ல

இரண்டாவது தவறான எண்ணம் இதற்கு நேர்மாறானது. "பத்திரமும் பட்டாவும் என் பெயரில்தான் இருக்கிறது, ஆகவே எனக்குத்தான்" என்பது. கூட்டின் பாங்கிக் கணக்கிலிருந்து செக் கொடுத்து, கூட்டின் ஐந்தொகையில் சொத்தாகக் காட்டி, ஒரு கூட்டாளியின் பெயரில் மட்டும் கிரயம் முடித்திருந்தால், 14-ஆவது பிரிவின்படி அது கூட்டுக்காக வாங்கியதாகவே கருதப்படும். இல்லை என்று சொல்பவர்தான், வேறு எண்ணம் இருந்தது என்பதைக் காட்ட வேண்டும். உதாரணமாக, அந்தத் தொகை அவருடைய சொந்தக் கணக்கில் பற்று எழுதப்பட்டிருந்தால், அவர் கூட்டிலிருந்து பணம் எடுத்துத் தனக்கு வாங்கிக்கொண்டார் என்று ஆகும். ஒரே செக், ஒரே பத்திரம். பேரேட்டில் எழுதிய இடத்தைப் பொறுத்துச் சொத்து கைமாறுகிறது பாருங்கள்.

பினாமி சட்டம் இதில் குறுக்கே வராதா என்று சிலர் கேட்கலாம். பினாமி பரிவர்த்தனைத் தடைச் சட்டத்தில் 2016-ல் செய்த திருத்தம், மற்றவர் நன்மைக்காக நம்பிக்கைப் பொறுப்பில் சொத்தை வைத்திருப்பவருக்கு விலக்கு அளிக்கிறது. அப்படிப்பட்டவர்களில் கூட்டாளியும் ஒருவர் என்று பெயர் சொல்லியே குறிப்பிடுகிறது. ஆனாலும் விலக்கு இருக்கிறதே என்று ஒருவர் பெயரில் வாங்கிப் போடுவது புத்திசாலித்தனம் அல்ல. அவர் காலமானால் வாரிசுகளிடம் போய் நிற்க வேண்டி வரும்.

சரி, கடையின் பெயரிலேயே வாங்கலாமா? இங்கே ஒரு நுணுக்கம் உண்டு. கம்பெனி என்பது சட்டத்தின் கண்ணில் தனி ஆள். கூட்டாண்மை நிறுவனம் அப்படி அல்ல. மலபார் பிஷரீஸ் வழக்கில் 1979-ல் உச்ச நீதிமன்றம், கூட்டுப் பெயர் என்பது கூட்டாளிகள் எல்லோரையும் சேர்த்துச் சொல்லும் சுருக்கப் பெயரே. நிறுவனத்துக்கென்று கூட்டாளிகளைத் தவிர்த்துத் தனிச் சொத்துரிமை கிடையாது. நிறுவனத்தின் சொத்து என்றால் கூட்டாளிகள் அனைவரும் சேர்ந்து வைத்திருக்கும் சொத்து என்று விளக்கியது. ஆகவே கிரயப் பத்திரம் எழுதும்போது எல்லாக் கூட்டாளிகளின் பெயரையும் போட்டு, "இன்ன நிறுவனத்தின் கூட்டாளிகள் என்ற முறையில், நிறுவனத்தின் பணத்தில், நிறுவனத்தின் தொழிலுக்காக" என்று எழுதுவதே பாதுகாப்பு. 2008-ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி பதிவாகும் வரையறுத்த பொறுப்புக் கூட்டாண்மை, அதாவது எல்.எல்.பி., வேறு வகை. அது தனி ஆள். தன் பெயரிலேயே சொத்து வைத்துக்கொள்ளலாம்.

கூட்டுச் சொத்தில் "என் பங்கு" என்றால் என்ன?

மூன்று பேர் கூட்டில் குடோன் இருந்தால் அதில் மூன்றில் ஒரு பகுதி என்னுடையது, அதை நான் விற்கலாம் என்று நினைப்பது மூன்றாவது தவறு. நிலக்கடலை வியாபாரிகளுக்குப் பழக்கமான ஒரு தொழிலில் எழுந்த வழக்கு இதற்கு விடை சொல்லியிருக்கிறது. ஆந்திராவில் அத்தங்கி குடும்பத்தாரும் பாஸ்கர குடும்பத்தாரும் சேர்ந்து நெல் அரைப்பது, கடலை உடைப்பது ஆகிய தொழில்களைக் கூட்டாக நடத்தினார்கள். 1936-ல் ஒரு தரப்பார் தங்கள் பங்குக்கு உரியதைப் பெற்றுக்கொண்டு விலகிவிட்டதாக ஒரு கரார் எழுதினார்கள். அது பதிவு செய்யப்படவில்லை. பின்னால் வழக்கு வந்தபோது, கூட்டில் நிலமும் கட்டடமும் இருந்ததால் பதிவாகாத கரார் செல்லாது என்ற வாதம் எழுந்தது.

உச்ச நீதிமன்றம் 1966-ல் அந்த வாதத்தை ஏற்கவில்லை. கூட்டு நடக்கும் வரை எந்தக் கூட்டாளியும் இந்தச் சுவர் எனது, இந்த மெஷின் உனது என்று எடுத்துக் காட்ட முடியாது. நடக்கும்போது அவருக்கு உள்ளது லாபத்தில் பங்கு. கலையும்போது அவருக்கு உள்ளது, கடன்களை அடைத்தது போக மிஞ்சுவதில் பங்கு. அந்த உரிமை, நிலத்தின் மேல் உள்ள உரிமை அல்ல. அது அசையும் சொத்து. ஆகவே அதை விட்டுக்கொடுக்கும் காகிதத்துக்குப் பதிவு கட்டாயம் இல்லை என்றது.

இதே நியாயம் நம் தமிழ்நாட்டு வியாபாரிகள் வழக்கிலும் வந்தது. ஆறு சகோதரர்கள் "சிவலிங்க நாடார் அண்டு பிரதர்ஸ்", "எஸ்.வி.எஸ். ஆயில் மில்ஸ்" என்று இரண்டு பதிவு பெற்ற கூட்டு நிறுவனங்களை நடத்தினார்கள். வேற்றுமை வந்தபோது மத்தியஸ்தர்களிடம் ஒப்படைத்தார்கள். மத்தியஸ்தர்கள் நிறுவனங்களின் சொத்துகளை, நிலம் கட்டடம் உட்பட, சகோதரர்களுக்குப் பிரித்துக் கொடுத்துத் தீர்ப்பு எழுதினார்கள். அந்தத் தீர்ப்புக்குப் பதிவு வேண்டுமா என்ற கேள்வி சென்னை உயர் நீதிமன்றத்தைத் தாண்டி டில்லி வரை போயிற்று. சந்திரபாண்டியன் - சிவலிங்க நாடார் வழக்கு என்று பெயர் பெற்ற அதில், 1993 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் முடிவு சொன்னது. கூட்டு கலைந்தபின் கடன் போக மிஞ்சியதைப் பகிர்வதுதான் இது. ஒருவருக்குக் கட்டடமாகக் கிடைத்தாலும் அவர் பெறுவது மிச்சத்தில் தன் பங்கைத்தான். ஆகவே இதற்குப் பதிவு கட்டாயம் இல்லை என்பது அந்த முடிவு.

இதைப் படித்துவிட்டு, எல்லா விடுதலையையும் வெள்ளைத்தாளில் எழுதிக்கொள்ளலாம் என்று யாரும் எண்ணி விடக்கூடாது. இந்த இரண்டு தீர்ப்பும் பொருந்துவது, சொத்து கூட்டாண்மையின் சொத்தாக இருந்தால் மட்டுமே. அதே இடம் இரண்டு பேர் சேர்ந்து சொந்த முறையில் வாங்கிய பொதுச் சொத்து என்று முடிவானால், ஒருவர் தன் பாகத்தை விட்டுக்கொடுக்கும் விடுதலைப் பத்திரம் பதிவாகியே ஆக வேண்டும். பதிவாகாத காகிதத்தை நம்பிப் பணத்தையும் கொடுத்தவர் நடுத்தெருவில் நிற்பார். "இது எந்த வகைச் சொத்து?" என்ற கேள்வி ஏன் இவ்வளவு கனமானது என்பது இங்கேதான் தெரியும். மேலும், பதிவு கட்டாயம் இல்லாத இடத்திலும் பட்டா மாறுவதற்கும், வில்லங்கச் சான்றில் தெரிவதற்கும், பாங்கியில் கடன் வாங்குவதற்கும் பதிவான பத்திரம் இருந்தால் வேலை எளிது.

இன்னொன்றும் தெரிந்திருக்க வேண்டும். கூட்டுக்குச் சொந்தமான நிலத்தையோ கட்டடத்தையோ ஒரு கூட்டாளி மட்டும் கையெழுத்துப் போட்டு விற்க, 19-ஆவது பிரிவின்படி இயல்பான அதிகாரம் கிடையாது. சரக்கை விற்கும் அதிகாரம் இருப்பதால் குடோனை விற்கும் அதிகாரமும் உண்டு என்று ஆகாது.

இடத்தை முதலாகப் போடுகிறவர் கவனத்துக்கு

இந்தக் கட்டுரையில் ஒரே ஒரு கணக்கை மட்டும் மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள் என்றால் இதைத்தான் சொல்வேன். 48-ஆவது பிரிவு, கூட்டு கலையும்போது பணத்தை எந்த வரிசையில் கொடுக்க வேண்டும் என்று சொல்கிறது. முதலில் வெளியார் கடன். பிறகு கூட்டாளிகள் முதலுக்கு மேல் கைமாற்றாகக் கொடுத்த தொகை. பிறகு அவரவர் முதல். மிச்சம் இருந்தால் லாப விகிதப்படி பங்கு.

உதாரணத்துக்கு, மூன்று பேர் சம லாபப் பங்கில் கூட்டுச் சேர்கிறார்கள். முதலாமவர் ரோட்டோரத்து மனையைக் கூட்டுக்கே சொந்தமாக்குகிறார். அவர் கணக்கில் 2 லட்சம் ரூபாய் முதல் வரவு. மற்ற இருவரும் ஆளுக்கு 1 லட்சம் ரொக்கம். வருஷங்கள் கழித்துக் கூட்டைக் கலைக்கிறார்கள். மனை 49 லட்சத்துக்குப் போகிறது. சரக்கும் வெளிபாக்கியும் சேர்ந்து 10 லட்சம். ஆக மொத்தம் 59 லட்சம். வெளியார் கடன் 8 லட்சம் போக 51 லட்சம். இரண்டாமவர் கைமாற்றாகக் கொடுத்திருந்த 2 லட்சம் போக 49 லட்சம். மூவர் முதலும் 4 லட்சம் போக 45 லட்சம். அதைச் சமமாகப் பிரித்தால் ஆளுக்கு 15 லட்சம்.

மனை கொண்டு வந்தவர் கைக்கு வருவது முதல் 2 லட்சமும் பங்கு 15 லட்சமும், ஆக 17 லட்சம். அவருடைய தகப்பனார் வாங்கிப் போட்ட மனை 49 லட்சத்துக்கு விற்றிருக்கிறது. "என் மனையாச்சே" என்று அவர் கதறினாலும் சட்டம் கேட்காது. கூட்டுக்குச் சொந்தமாக்கிய அன்றே விலை ஏற்றமும் எல்லோருக்கும் பொதுவாகி விட்டது. அதே மனையை அவர் சொந்தத்தில் வைத்துக்கொண்டு கூட்டுக்கு வாடகைக்கு விட்டிருந்தால், கூட்டில் லாப நஷ்டம் எப்படி ஆனாலும், அந்த 49 லட்சத்தின் விலை ஏற்றத்தில் மற்றவர்கள் பங்கு கேட்க முடியாது.

இதில் எது சரி, எது தவறு என்று நான் சொல்லவில்லை. மற்ற இருவரின் உழைப்பால்தான் அந்த இடத்துக்கு மதிப்பு வந்தது என்பதும் நியாயமாக இருக்கலாம். ஆனால் எதைச் செய்கிறோம் என்று தெரிந்து செய்ய வேண்டும். இடத்தைக் கூட்டுக்குச் சொந்தமாக்குவது வேறு. இடத்தைப் பயன்படுத்த மட்டும் கொடுப்பது வேறு.

வருமான வரியும் இந்த இரண்டையும் வேறாகவே பார்க்கிறது. சொந்தச் சொத்தைக் கூட்டுக்குக் கொண்டு வருவது ஒரு கைமாற்றம்தான் என்று 1985-ல் சுனில் சித்தார்த்பாய் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்னது. 1988-89 கணக்கீட்டு ஆண்டு முதல், கூட்டின் புத்தகத்தில் என்ன தொகை எழுதப்படுகிறதோ அதையே விற்ற விலையாகக் கொண்டு மூலதன ஆதாய வரி கணக்கிடும் முறை வந்தது. கூட்டாளி விலகும்போதும் கூட்டு கலையும்போதும் சொத்தையோ சரக்கையோ எடுத்துக்கொண்டால் வரும் வரியில் 2021-ல் பெரிய மாற்றங்கள் செய்யப்பட்டன. எழுதுமுன் ஆடிட்டரிடமும், முத்திரைத் தீர்வை பற்றிச் சார்பதிவாளர் அலுவலகத்திலும் கேட்டுக்கொள்வது அவசியம்.

கடன்காரர் வந்தால்

கூட்டாளி ஒருவர் மகள் கல்யாணத்துக்கோ வேறு தொழிலுக்கோ சொந்த முறையில் கடன் வாங்கித் திருப்பவில்லை. கடன் கொடுத்தவர் டிகிரி வாங்கிக்கொண்டு கடைச் சரக்கை ஜப்தி செய்ய முடியுமா? முடியாது. உரிமையியல் நடைமுறைச் சட்டம் 21-ஆவது கட்டளை 49-ஆவது விதி இதற்காகவே இருக்கிறது. கூட்டாளியின் சொந்தக் கடனுக்காகக் கூட்டின் சொத்தை ஜப்தி செய்யக்கூடாது. அவருக்குக் கூட்டில் வரவேண்டிய பங்கின் மேலும் லாபத்தின் மேலும் மட்டும் நீதிமன்றம் பொறுப்பு ஏற்றலாம். மற்றக் கூட்டாளிகள் அந்தப் பங்கை மீட்டுக்கொள்ளவும் விதியில் இடம் உண்டு.

இந்தப் பாதுகாப்பு கிடைக்க வேண்டுமானால், சரக்கும் லாரியும் குடோனும் கூட்டின் சொத்து என்று காட்டத் தெரிய வேண்டும். லாரியின் ஆர்.சி. புத்தகம் கடன்பட்டவர் பெயரில் இருந்து, கூட்டின் கணக்கிலும் அது இல்லையென்றால், வாய்ப்பேச்சில் எதையும் நிரூபிக்க முடியாது. மறுபக்கம், கூட்டின் கடனுக்கு ஒவ்வொரு கூட்டாளியின் சொந்தச் சொத்தும் பொறுப்பு என்பதையும் மறக்கக்கூடாது. கூட்டுச் சொத்து முதலில் கூட்டுக் கடனுக்கு, சொந்தச் சொத்து முதலில் சொந்தக் கடனுக்கு என்று 49-ஆவது பிரிவு வரிசை வைத்திருக்கிறது.

குடும்பக் கடையும் கடைப் பெயரும்

அப்பாவும் பிள்ளைகளும் நடத்தும் கடை எல்லாம் கூட்டாண்மை ஆகிவிடாது. கூட்டாண்மை ஒப்பந்தத்தால் வருவது, பிறப்பால் வருவது அல்ல என்று 5-ஆவது பிரிவு சொல்கிறது. கூட்டுக் குடும்பத் தொழிலில் உள்ளவர்கள் அந்த உறவால் மட்டும் கூட்டாளிகள் ஆவதில்லை. அங்கே சொத்துப் பங்கு குடும்பச் சட்டப்படி போகும். இங்கே ஒப்பந்தப்படி போகும். வெளியார் ஒருவரைச் சேர்க்கும்போதும், அண்ணன் தம்பிகள் பாகம் பிரிந்த பிறகு சேர்ந்து தொழில் செய்யும்போதும், பழைய குடும்பச் சொத்து எது, புதிய கூட்டின் சொத்து எது என்று கோடு போட்டுக்கொள்ள வேண்டும். தாயும் பிள்ளையும் ஆனாலும் வாயும் வயிறும் வேறு என்று பெரியவர்கள் சும்மா சொல்லவில்லை.

கடைப் பெயரும் சொத்துதான். மசாலாப் பொடிக்கோ எண்ணெய்க்கோ வைத்த மார்க் சந்தையில் பேர் எடுத்த பிறகு, குடோனை விட அதுதான் விலை போகும். கூட்டு கலையும்போது குட்வில்லும் கணக்கில் வர வேண்டும். அதைத் தனியாகவோ மற்றச் சொத்தோடு சேர்த்தோ விற்கலாம் என்று 55-ஆவது பிரிவு சொல்கிறது. மார்க்கை யார் பெயரில் பதிவு செய்கிறோம் என்பதைத் தொடக்கத்திலேயே முடிவு செய்ய வேண்டும்.

இரண்டே பேர் உள்ள கூட்டில் ஒருவர் காலமானால் கூட்டு அத்தோடு முடிந்தது. வாரிசு தொடரலாம் என்று பத்திரத்தில் எழுதியிருந்தாலும் அந்தப் பழைய கூட்டு தொடராது. வாரிசு இசைந்தால் புதிய கூட்டு என்றே ஆகும். இதை 1965-ல் கோவிந்தராம் சுகர் மில்ஸ் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. கணக்கு முடிக்காமல் மீதிப்பேர் கூட்டுச் சொத்தை வைத்தே தொழிலைத் தொடர்ந்தால், 37-ஆவது பிரிவின்படி இறந்தவரின் வாரிசுகள், அவர் பங்கைப் பயன்படுத்திச் சம்பாதித்த லாபத்தையோ அல்லது ஆண்டுக்கு 6 சதவீத வட்டியையோ, விருப்பப்படி கேட்கலாம். விதவையாகி நிற்கும் அம்மாளுக்கு இந்த உரிமை இருப்பதே பல சமயம் தெரிவதில்லை.

எழுதி வைக்க வேண்டியவை

1. கூட்டு ஒப்பந்தப் பத்திரத்தின் கடைசியில் இரண்டு பட்டியல் சேருங்கள். ஒன்று, கூட்டுக்குச் சொந்தமான சொத்துகள். மற்றொன்று, கூட்டாளிகள் பயன்படுத்த மட்டும் கொடுத்திருக்கும் சொந்தச் சொத்துகள். இடம், தராசு, லாரி, அலமாரி, மெஷின், மார்க் எல்லாம் ஏதாவது ஒரு பட்டியலில் வர வேண்டும்.

2. பயன்படுத்த மட்டும் கொடுத்த இடத்துக்குச் சிறு தொகையானாலும் வாடகை பேசி, மாதம் தவறாமல் கணக்கில் எழுதுங்கள்.

3. கூட்டுக்கு வாங்கும் இடத்தின் பத்திரத்தில் எல்லாக் கூட்டாளிகள் பெயரும், நிறுவனத்தின் பெயரும், பணம் வந்த வழியும் இருக்கட்டும்.

4. கடை வாடகைக்கு உள்ளதானால், வாடகை ஒப்பந்தமும் அட்வான்ஸும் யாருக்குச் சேரும் என்று எழுதுங்கள். கூட்டாளியைச் சேர்க்குமுன் கட்டட உரிமையாளரின் சம்மதத்தையும் எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள்.

5. கூட்டாளியின் மனையில் கூட்டுப் பணத்தில் கட்டடம் கட்டுமுன், பிரியும்போது கட்டடத்துக்கு என்ன கணக்கு என்று எழுதிக் கையெழுத்து வாங்குங்கள்.

6. ஆண்டுதோறும் ஐந்தொகையில் எல்லாக் கூட்டாளிகளும் கையெழுத்துப் போடுங்கள். பட்டியலில் மாற்றம் இருந்தால் அன்றே குறியுங்கள்.

7. நிறுவனத்தைப் பதிவு செய்துவிடுங்கள். பதிவு கட்டாயம் இல்லைதான். ஆனால் பதிவாகாத நிறுவனம், வியாபார ஒப்பந்தப்படி தனக்கு வரவேண்டியதற்கு வெளியார் மேல் வழக்குப் போட முடியாது. கூட்டாளியும் ஒப்பந்த உரிமைக்காக நிறுவனத்தின் மேலோ மற்றக் கூட்டாளிகள் மேலோ போட முடியாது என்று 69-ஆவது பிரிவு கதவை அடைக்கிறது. கூட்டைக் கலைக்கவும், கலைந்த கூட்டின் கணக்கும் சொத்தும் கேட்கவும் மட்டும் வழி திறந்திருக்கிறது.

பட்டாவில் உள்ள பெயரை மட்டும் சட்டம் பார்ப்பதில்லை. இடத்தில் யார் உட்கார்ந்து வியாபாரம் செய்கிறார் என்பதை மட்டும் பார்ப்பதும் இல்லை. கூட்டாளிகள் என்ன எண்ணினார்கள், பணம் எங்கிருந்து வந்தது, கணக்கில் என்ன எழுதினார்கள் என்பதைச் சேர்த்துப் பார்க்கிறது. இந்த மூன்றும் நம் கையில் உள்ளவை. ஒருவர் மேல் ஒருவருக்கு நம்பிக்கை இருக்கும்போதே அந்த இரண்டு பட்டியலையும் எழுதி முடித்துவிட்டால், பின்னால் வரும் பிள்ளைகள் கோர்ட்டு வாசலில் நிற்காமல் கடை வாசலில் நின்று வியாபாரம் பார்ப்பார்கள்.